அந்த ஒரு வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்

வாசகர் கேள்வி:

அய்யா, எனக்கு வயது 44. பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். போன ஓணத்துக்கு முந்தின வாரம் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. இன்னும் இரண்டு தவணை கழிந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்லமுடியும் என்கிறார் டாக்டர். இப்போது அவருக்குப் பதில் நான்தான் விடியற்காலம் வெட்டப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது ‘உம்முடைய சித்தம்’ என்ற வரி வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். சொன்னால் அவரை எடுத்துக்கொள்வாரோ என்று பயம். ஜெபக் கூட்டத்தில் ஒரு அக்கா, “அழுவது அவிசுவாசம், ஸ்தோத்திரம் சொல்லு, தேவ சித்தத்துக்கு ஒப்புக்கொடு” என்கிறார். அங்கே “ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே” என்று சொல்லிவிட்டு வருகிறேன். மறுநாள் ரப்பர் தோட்டத்தில் தனியாக நிற்கும்போது, “ஏன் இப்படிச் செய்தீர், உமக்குக் கண் இல்லையா?” என்று கத்துகிறேன். இதில் எது ஜெபம்?

இன்னொன்று. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியாகக் கொடுத்தபோது ஆண்டவர் திருப்பிக் கொடுத்தாரே. அதுபோல நான் முழுமனதாக விட்டுக்கொடுத்தால் எனக்கும் திருப்பித் தருவாரா? நான் கோபப்பட்டுப் பேசியதால் அவருக்கு ஏதாவது கேடு வருமா?

பதில்:

அன்பு மகளே,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்துக்கொண்டு இன்னொரு ராத்திரி நீங்கள் தூங்காமல் கிடக்கக் கூடாது. நீங்கள் கோபப்பட்டதால் உங்கள் கணவருக்கு ஒரு கேடும் வராது. அவர் வயிற்றில் அந்தக் கட்டி வளர ஆரம்பித்தது, நீங்கள் தோட்டத்தில் நின்று கத்துவதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பு. அது வந்ததற்கும் உங்கள் வாய்க்கும் சம்பந்தமில்லை. பெண்டாட்டி வேதனையில் பேசியதைக் கணக்கில் வைத்து, புருஷன் உடம்பில் தீர்த்துக்கொள்கிற ஒரு கடவுளை இயேசு நமக்குக் காட்டவே இல்லை.

சரி, எது ஜெபம் என்று கேட்டீர்கள்.

என் அப்பாவும் பால் வெட்டுக்காரர்தான். அதனால் நீங்கள் சொல்கிற அந்த நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்கினால், வெளிச்சம் விழுகிற அந்த ஒரு மரம்தான் உலகம். முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடவேண்டும், சிரட்டையைத் துடைத்து வைக்கவேண்டும், அப்புறம் கத்தியைச் சாய்த்துப் பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும். ஒரு நூல் ஆழம் கூடினால் தடியில் காயம் பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். குறைந்தால் பால் வராது. வெயில் ஏறுவதற்குள் எல்லா மரமும் முடிய வேண்டும். பழக்கமில்லாத கையோடு இந்த வேலையைச் செய்துகொண்டே, மரத்துக்குக் காயம் படாமல் பார்த்துக்கொண்டே, நீங்கள் ஆண்டவரிடம் கத்துகிறீர்கள்.

மகளே, அதுதான் ஜெபம். கூட்டத்தில் சொன்னது, அந்த அக்கா கேட்பதற்காகச் சொன்னது. அதற்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து தலையில் கைவைத்தால் யாருக்கும் அதுதான் வாயில் வரும். ஆனால் உண்மையாகவே அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது ரப்பர் மரத்தடியில்தான்.

நீங்கள் கேட்ட கேள்வியை உங்களுக்கு முன்பே வேதத்தில் கேட்டிருக்கிறார்கள். “ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?” என்பது 44-ஆம் சங்கீதம். ‘உமக்குக் கண் இல்லையா’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கினாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் திரும்பவே திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதை ஒருவரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை, கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தைச் சேர்த்துத் திருத்தவும் இல்லை. இரவில் தூக்கம் வராதபோது அதை வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு வார்த்தை கிடைக்காத நாளில் அந்த வார்த்தைகள் உதவும்.

அன்னாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீலோவிலே அவள் மனம் கசந்து அழுதுகொண்டே ஜெபித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தார். அவளோ, “என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்” என்று பதில் சொன்னாள். ஆலயத்தில் இருக்கிறவர்களுக்கே சில நேரம் ஜெபம் எது என்று அடையாளம் தெரிவதில்லை. அந்த அக்காவும் கெட்டவர் இல்லை. உங்கள் அழுகையைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை, அதனால் சீக்கிரம் முடித்துவைக்கப் பார்க்கிறார். யோபுவின் சிநேகிதர்களும் அப்படித்தான். முதல் ஏழு நாள் வாய் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல, தமக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்கள்மேல்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதில் என்னைப்போன்ற போதகர்களுக்கு ஒரு பங்கு உண்டு. நம் ஊர்களில் ‘தேவ சித்தம்’ என்ற வார்த்தை எங்கே கேட்கிறது? பிள்ளை பரீட்சையில் ஜெயித்தால் ‘ஆண்டவருடைய கிருபை’ என்கிறோம். வீடு கட்டி முடித்தால் ‘ஆசீர்வாதம்’. ஆள் செத்துப்போனால் மட்டும் ‘தேவ சித்தம்’. நாற்பது வருஷம் கல்லறைத் தோட்டத்தில் மட்டுமே கேட்ட வார்த்தையை ஆலயத்தில் சொல்லச் சொன்னால் நாக்கு எப்படி எழும்பும்?

நானும் அப்படிச் சொன்னவன்தான். ஊழியத்துக்கு வந்த புதிது. எல்லையோரத்தில் ஒரு சபையில் இருந்தேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆற்றில் குளிக்கப்போய்த் திரும்பவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, ஆற்றங்கரையில் அவன் விட்டுப்போன துவர்த்தை, அந்தத் துண்டை, மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பாள், பிரிப்பாள், மறுபடியும் நுனி பார்த்து மடிப்பாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “அம்மா, எல்லாம் தேவ சித்தம்” என்றேன். அவள் கை நின்றது. “அய்யா, ஒங்க மவனா இருந்தா இப்பிடிச் சொல்லுவியளா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அது இன்றைக்கும் என் மனதில் கிடக்கிறது.

‘சித்தம்’ என்றால் என்ன என்பதை நான் பிறகு கற்றுக்கொண்டது பக்கத்து மொழியிலிருந்து. 1956-ல் எல்லை போட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்ததே தவிர, சொந்தபந்தமும் சபையும் இரண்டு பக்கமும்தான். நீங்களும் இரண்டு மொழி ஆராதனைக்கும் போயிருப்பீர்கள். மலையாளத்தில் அந்த வரியை எப்படிச் சொல்கிறார்கள்? “நின்றெ இஷ்டம் ஸ்வர்கத்திலெப்போலெ பூமியிலும் ஆகேணமே.” தமிழில் ‘உன் இஷ்டம்’ என்றால் ‘எப்படியோ போ’ என்று கைவிடுகிற பேச்சு. உங்கள் காதில் அந்த வரி இப்படித்தான் விழுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. மலையாளத்தில் ‘இஷ்டம்’ என்றால் பிரியமும்தான். ‘எனிக்கு இஷ்டமாணு’ என்று பிள்ளைகள் சொல்வதை நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். அப்படியென்றால் கேள்வி இதுதான்: ஆண்டவருக்கு எது பிரியம்? உங்கள் கணவர் வயிற்றில் வளர்ந்த கட்டி அவருக்குப் பிரியமா?

இதை ஒருவன் இயேசுவிடம் நேராகவே கேட்டிருக்கிறான். மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வருகிறான். “ஆண்டவரே! உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” என்கிறான். உம்மால் முடியும் என்று தெரியும், உமக்கு மனசு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை என்கிறான். இயேசு கையை நீட்டி அவனைத் தொட்டு, “எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு” என்றார். அந்த அதே வார்த்தை, சித்தம். நோயாளி ஒருவன் கேட்டபோது அதற்கு அவர் வாயில் வந்த பொருள் சுகம்.

இதிலிருந்து, ‘ஆகவே உங்கள் கணவர் கட்டாயம் பிழைப்பார்’ என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படி மேடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் பிழைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று குடும்பத்தின் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது. தாவீது தன் பிள்ளைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்தான், பிள்ளை ஏழாம் நாள் இறந்தது. இவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று யார் சொல்லமுடியும்? ஏன் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் பிழைப்பதில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் நோயைப் பார்த்து ஆண்டவர் சந்தோஷப்படுகிறார் என்று மட்டும் யாரும் என்னை நம்பவைக்க முடியாது.

அந்த வரியை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். “உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக.” நீங்கள் முதல் இரண்டு வார்த்தையிலேயே நின்றுவிடுகிறீர்கள். பரமண்டலத்தில் கீமோ உண்டா? ஒவ்வொரு கண்ணீரும் துடைக்கப்படும், மரணமும் துக்கமும் அலறுதலும் வருத்தமும் இராது என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது. அங்கே இருக்கிறதுபோல இங்கேயும் ஆக்கும் என்று கேட்கிற வரி இது. இதைச் சொல்வது புருஷனை விட்டுக்கொடுப்பது என்று எப்படி ஆகும்? அவருக்காக நீங்கள் கேட்கக்கூடிய பெரிய வேண்டுதலே இதுதான்.

இந்த வரியைக் கற்றுக்கொடுத்தவரே ஒரு ராத்திரி இதைச் சொல்லவேண்டி வந்தது. கெத்செமனே தோட்டத்தில் முதலில் அவர் சொன்னது, “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்” என்பதைத்தான். எனக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். “ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல” என்பது அதற்குப் பிறகு வருகிறது. நாம் செய்கிற தவறு, முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வது. கேட்கவே கேட்காமல் ஒப்புக்கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டாம் முறை ஜெபித்தபோது, “உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது” என்கிறார். தமிழில் கொஞ்சம் மாறித் தெரிகிறது. மத்தேயு எழுதிய கிரேக்கத்தில் இதுவும் பரமண்டல ஜெபத்தில் வருகிற வரியும் அட்சரம் மாறாமல் ஒன்றுதான். மூன்றாம் முறையும் அதையே சொன்னார். தேவகுமாரனே ஒரே மூச்சில் அங்கே போய்ச் சேரவில்லை. அந்த இரவில் அவர் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகள்போல விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். “பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்” விண்ணப்பம்பண்ணினார் என்கிறது எபிரெயர் நிருபம். பலத்த சத்தம், மகளே. உங்கள் தோட்டத்துச் சத்தம்போல.

மாற்கு இன்னொன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் “அப்பா” என்று கூப்பிட்டார். அவருடைய வீட்டு மொழியான அரமேயிக் வார்த்தை அது, நம் காதுக்கோ சொந்த வார்த்தை. நீங்களும் தோட்டத்தில் அப்படியே கூப்பிடலாம்.

ஆபிரகாமைப் பற்றிக் கேட்டீர்கள். ‘விட்டுக்கொடுத்தால் திருப்பித் தருவாரா?’ உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. பலரும் இதைத்தான் நினைக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. இது ஒரு பேரம். ஒப்புக்கொடுத்ததுபோலக் காட்டினால் இரங்கிவிடுவார் என்று அவர் பார்க்காத சமயம் கணக்குப் போடுகிறோம். அவர் அந்தக் கணக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இதற்காக அவர் உங்களைத் தள்ளமாட்டார். ‘ஆண்டவரே, நான் உம்மோடு பேரம் பேசுகிறேன், என்னால் நிறுத்த முடியவில்லை’ என்று அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். அதுவும் உண்மையான ஜெபம்தான்.

ஒப்புக்கொடுத்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆபரேஷன் நாளை நினைத்துப் பாருங்கள். தியேட்டர் வாசலில் ஒரு காகிதத்தை நீட்டியிருப்பார்கள். எது நடந்தாலும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கை நடுங்கியிருக்கும். கதவு மூடியபிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் உயிரோடு வரவேண்டும் என்ற ஆசையை ஒரு துளியாவது குறைத்துக்கொண்டீர்களா? இல்லை. ஆனால் உள்ளே போய்க் கத்தியைப் பிடுங்கவும் இல்லை. என் கைக்கு எட்டாதது இவர் கைக்கு எட்டும் என்று கொடுத்தீர்கள். நடுங்கிய கையோடு போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான். ஆண்டவரிடம் இதைவிடத் தைரியமான ஒரு மனசை நீங்கள் தயார் செய்துகொண்டு போகவேண்டியதில்லை.

இனி சில காரியங்கள். ஒரு போதகனாக ஆஸ்பத்திரி வார்டுகளில் நிறைய நேரம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் கணவரோடு இதையெல்லாம் பேசியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் முன்னால் நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், உங்கள் முன்னால் அவரும் சிரித்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த முக்கால்வாசி வீடுகளில் நடப்பது இதுதான். ஒரு சாயங்காலம், “எனக்குப் பயமா இருக்கு, ஒங்களுக்கு?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள். அப்புறம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பரமண்டல ஜெபத்தைச் சொல்லிப் பாருங்கள். அந்த வரியில் யாருக்கு வாய் வருகிறதோ அவர் சொல்லட்டும்.

அவருக்கு வலியோ வாந்தியோ இருந்தால் தாங்கிக்கொள்வதுதான் விசுவாசம் என்று இருக்காதீர்கள். கேரள அரசு 2008-லேயே பாலியேட்டிவ் கவனிப்புக்கென்று, அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கிற கவனிப்புக்கென்று, தனிக் கொள்கை கொண்டுவந்தது. பஞ்சாயத்து மூலம் வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்க்கிற ஏற்பாடு உண்டு, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் கேட்டால் வழி சொல்வார். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற தொண்டு நிறுவனமும் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. பாலியேட்டிவ் என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று பயப்படவேண்டாம். சிகிச்சை நடக்கும்போதே வலியைக் குறைக்கவும், வீட்டில் இருக்கிறவர்களைத் தாங்கவும்கூடத்தான் அது. நீங்களும் அந்த நர்ஸிடம் உங்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இருட்டில் கத்தி பிடிக்கிற கை, தூங்காத கையாக இருக்கக் கூடாது. வாழ்ந்து என்ன பயன் என்கிற யோசனை எப்போதாவது வந்தால், ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜெபக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போகாவிட்டாலும் குற்றமில்லை. போனால் அந்த அக்காவிடம், “எனக்காக ஜெபிக்க வேண்டாம் அக்கா, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். இயேசுவே அந்த இரவில் சிநேகிதர்களிடம் கேட்டது அவ்வளவுதான்: “என்னோடேகூட விழித்திருங்கள்.” அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். கேட்பதற்கு அவர் வெட்கப்படவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வரி வரும்போது வாய் திறக்கவில்லை என்றால் திறக்கவேண்டாம். அந்த ஜெபம் ‘என் பிதாவே’ என்று தொடங்கவில்லை, ‘எங்கள் பிதாவே’ என்றுதான் தொடங்குகிறது. பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறவர்கள் உங்களுக்கும் சேர்த்து அந்த வரியைச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் அடுத்த வரியான “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை” என்பதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஸ்கேன் தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கணவர் பெயரையும் எழுதுங்கள், பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிற நேரம், நான்கு மணிக்கு, நானும் இங்கே எழுந்து உட்கார்ந்திருப்பேன்.